ஐம்பத்து மூன்று லிட்டர், எழுநூற்று அறுபது மில்லி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனை முதல் ஆறு மாதத்துக்கு வீட்டுக்குள் விடக் கூடாது என்பது என் கருத்து. வங்கியில் சேர்ந்தவன் அம்மாவின் சுருக்குப்பையைத் தணிக்கை செய்வான். போலீஸில் சேர்ந்தவன் பால்காரரை விசாரிப்பான். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த ஒரே மாதத்தில், எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் தப்பாக அளக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

அம்மா "காப்பிக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை போடுடா" என்றால், "எந்த ஸ்பூன்? சின்னதுன்னா அஞ்சு மில்லி, பெருசுன்னா பதினஞ்சு மில்லி" என்பேன். அப்பா இருமல் மருந்தை மூடியில் ஊற்றினால், குனிந்து கண்ணை மருந்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து அளவு பார்க்கச் சொல்வேன். (இருமிக்கொண்டே குனிந்து பார்ப்பார். பாவம், நல்ல மனிதர்.) பால்காரரிடம் அரை லிட்டர் என்றால் எவ்வளவு என்று நிரூபிப்பதற்காக, ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு லிட்டர் அளவுச் சாடியை, அங்கே கேட்டுக்கொண்டு, எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தேன். உடம்பெல்லாம் கோடு போட்ட, முழங்கை நீளக் கண்ணாடிச் சாடி அது. பால்காரர் அதைப் பார்த்த மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்தச் சாடியைக் கொண்டுதான் என் அக்கா ஸ்ரீமதியின் நிச்சயதார்த்தத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தேன்.

நாங்கள் சமணர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்திலேயே உழுது பயிரிட்டு வாழ்கிறவர்கள். எங்களுக்கு ஒரு முறை உண்டு. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது. கிராமத்தில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் இதை இன்றைக்கும் விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். திருவண்ணாமலை டவுனுக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்த எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குத்தான் தோசைக்கல்லே சூடாகும்.

மாப்பிள்ளை தரணேந்திரன் பள்ளிக்கூட ஆசிரியர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம்; நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) பயிர் வைக்கிற குடும்பம். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அப்பா சாந்திராஜ் நயினார் சீர், செனத்தி எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டவுன்ல இருக்கீங்க. ராத்திரி சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"பொழுதோட முடிச்சிடுவோங்க" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

(சமையலறையில் தோசை மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.)

அக்கா அதற்கு முன் வந்த இரண்டு இடங்களை வேண்டாம் என்று சொன்னவள். இவரைப் பிடித்துப்போயிற்று. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அலைபேசி மணி அடித்தால் மாடிக்கு ஓடினாள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் என்னைத் தனியாக அழைத்து, "டேய், நாளைக்கு அவங்க எல்லாரும் பொழுதுக்குள்ள சாப்பிட்டுடணும்டா. இல்லன்னா அப்பா சொன்ன பொய் வெளிய வந்துடும். அவங்க வீட்ல இதான் முக்கியம்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுதான் அந்த நிகழ்ச்சியின் முதல் தவறு.

தேதி குறித்தது மாப்பிள்ளை வீட்டார். அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் மலை சுற்ற வருகிற கூட்டத்துக்காக வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் டவுனுக்குள் ஒரு வண்டி நகராது. அப்பாவுக்கு இது தெரியும். ஆனால் பொய் சொன்னவருக்குத் தேதியை மாற்றச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்?

சமையலுக்கு அப்பாண்டை அண்ணன் வந்திருந்தார். எங்கள் முறை தெரிந்த சமையல்காரர். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொடமாட்டார். இஞ்சிக்குப் பதில் சுக்கு. அறுபது பேருக்கு வெண்பொங்கல், வடை, பூசணிக்காய்ச் சாம்பார், கேசரி. காலையிலேயே வந்து கேசரியைக் கிளறி, சாம்பாரை இறக்கி, எட்டுப் படி அரிசியும் இரண்டு படி பாசிப்பருப்பும் அளந்து கழுவி வைத்தார். அளந்த படி ஒரு பழைய பித்தளைப் படி. ஒரு பக்கம் நசுங்கி, வாய் கோணி, பார்ப்பதற்கே பரிதாபமாக இருந்தது. நெய்யும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு ஒரு மணிநேரத்தில் வந்துவிடுகிறேன் என்று வண்டியில் கிளம்பிப் போனவர், கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, வண்டிய உள்ள விட மாட்றாங்க. நான் நடந்து வரேன். நீங்க அதுக்குள்ள பெரிய அண்டால தண்ணி ஊத்தி கொதிக்க வெச்சிடுங்க. நாப்பது படி. என் படி அரிசி மூட்டை மேல இருக்குது பாருங்க, அதால அளந்து ஊத்துங்க. நான் வந்ததும் அரிசிய போட்டா சரியா இருக்கும்."

நான் அரிசி மூட்டைமேல் இருந்த அந்தக் கோணல் படியைப் பார்த்தேன். படியும் என்னைப் பார்த்தது. அறிவியல் படித்த ஒருவன் இதைக் கையால் தொடுவானா? மரியாதை என்று ஒன்று இல்லையா? அலைபேசியை எடுத்தேன். பழைய அளவுகளின் பட்டியல் ஒன்று அகப்பட்டது. ஒரு படி என்பது எட்டு ஆழாக்கு. ஒரு ஆழாக்கு நூற்று அறுபத்தெட்டு மில்லி. ஆக, ஒரு படி ஒன்று புள்ளி மூன்று நான்கு நான்கு லிட்டர். நாற்பதால் பெருக்கினேன்.

ஐம்பத்து மூன்று புள்ளி ஏழு ஆறு.

அந்தத் தசமப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அளவுச் சாடியைக் கொண்டுவந்து கழுவினேன். எங்கள் முறைப்படி தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு லிட்டராக வடிகட்டி, சாடியில் பிடித்து, தரையில் வைத்து, மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, கோட்டைச் சரிபார்த்து, பிறகு அண்டாவில் ஊற்றினேன். ஒரு சொட்டு அதிகமாகிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. இப்படி ஐம்பத்து மூன்று தடவை. கடைசியில் எழுநூற்று அறுபது மில்லி. பட்டு வேட்டியின் முழங்கால் இரண்டும் கறுத்துப்போயின.

அக்காவுக்குப் பின்கட்டு அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் வழியாக இதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு படியாலயே அளந்து ஊத்தேன்டா. சட்டுனு முடிஞ்சிடும்."

"அக்கா, அது சொட்டை விழுந்த படி. அதையெல்லாம் சயின்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"நாங்க திங்கத்தானேடா போறோம்?"

நான் அடுத்த லிட்டருக்குக் குனிந்தேன். நாற்பத்தொன்றாவது லிட்டரா, நாற்பத்திரண்டாவது லிட்டரா என்று மறந்துவிடும் அபாயம் இருந்தது. தண்ணீர் அண்டாவின் கழுத்துக்கு வந்தபோது, "இந்த அண்ணன் பாத்திரம் எடுப்பதில் ரொம்பக் கஞ்சம்" என்று மட்டும் தோன்றியது.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வந்திருக்க வேண்டியவர்கள். நாலரைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே வேனை விட்டுவிட்டு, மலை சுற்றும் கூட்டத்தோடு கூட்டமாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர். அத்தனை பேர் முகத்திலும் பசி எழுதி ஒட்டியிருந்தது. அவர்கள் பின்னாலேயே இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பாண்டை அண்ணன் ஓடிவந்தார். கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் அரிசி பருப்பைக் கவிழ்த்தார், மூடினார், வடை சுடப் போய்விட்டார். ஆவி மறைத்ததில் தண்ணீர் எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை. நம்பிவிட்டார். என்னை நம்பிய கடைசி சமையல்காரர் அவர்தான்.

கூடத்தில் தட்டு மாற்றி, பத்திரிகை படித்து முடித்தார்கள். ஐந்தே கால் மணிக்கு அண்ணன் மூடியைத் திறந்தார்.

"தம்பி, இன்னா இது? பொங்கலா, ஏரியா?"

எட்டிப் பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்த வெள்ளைத் தண்ணீரில் நுரை மட்டும் மிதந்தது. அரிசி எங்கோ ஆழத்தில் இருந்தது.

"எவ்ளோ தண்ணி ஊத்துனீங்க?"

"ஐம்பத்து மூணு லிட்டர், எழுநூத்தி அறுபது மில்லி."

"நான் நாப்பது படி இல்ல சொன்னேன்?"

"அதாண்ணா இது. ஒரு படி, ஒண்ணு புள்ளி மூணு நாலு நாலு லிட்டர்."

அவர் தன் படியில் தண்ணீர் மொண்டு என் சாடியில் ஊற்றினார். சாடி நிரம்பும் என்று பார்த்தேன். அறுநூற்றெழுபதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"அண்ணா! இது அரைப்படிணா!"

"ஊருக்கு அரைப்படி. எனக்கு இதான் படி. நான் எதால அளக்கறனோ அதான் படி. அரிசியும் இதால, தண்ணியும் இதால. ஒண்ணுக்கு நாலு. இதுக்கு நடுவுல லிட்டரு எங்க வந்துச்சி?"

 ஒன்றுக்கு நாலு என்றால் அது விகிதம். எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் ஒன்றுக்கு நாலுதான். ஆய்வகத்தில் முதல் நாள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான். நிமிர்ந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வேன்.

"இன்னும் பத்துப் படி அரிசி போட்டா?"

"போடலாம். வேகறதுக்குள்ள பொழுது போயிடும்."

"கொஞ்ச நேரம் வத்த விட்டா?"

"எட்டு மணிக்கு நல்ல பொங்கல் சாப்பிடலாம். நீங்களும் நானும்."

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் அத்தை கைகழுவப் பின்கட்டுக்கு வந்தார். சாந்திராஜ் நயினாருக்கு அக்கா. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அண்டாவைப் பார்க்கவில்லை. சாடியைப் பார்த்தார்.

"இது இன்னா தம்பி, கண்ணாடில நீட்டா?"

வேறு எவனாக இருந்தாலும் "பூ வைக்கிற ஜாடிங்க" என்று சொல்லியிருப்பான். எனக்குள் இருந்த ஆய்வக உதவியாளன் முந்திக்கொண்டான்.

"அளவுச் சாடிங்க. காலேஜ்ல ஆசிட் அளக்கறது."

அத்தை ஒரு அடி பின்னால் போனார். சாடியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விறுவிறுவென்று கூடத்துக்குத் திரும்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அத்தை, இது புதுசுங்க! இதுல இன்னும் ஆசிட் ஊத்தலைங்க!"

அந்த "இன்னும்" எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. கூடத்தில் ஐம்பத்தெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தை சாந்திராஜ் நயினாரின் காதில் ஏதோ சொன்னார். அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

பட்ட காலிலே படும் என்று சொல்ல இது நேரமில்லை. ஆனால் அடுத்தது உடனே வந்தது. எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே இருக்கிறது. எங்கள் தெருவில் கடிகாரத்துக்கு முன்பாகவே பொழுது சாயும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நிழல் வந்து தெருவை மூடிவிடும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது புதிது. ஜன்னலில் சட்டென்று வெளிச்சம் குறைந்தது. சாந்திராஜ் நயினார் எட்டிப் பார்த்தார்.

"பொழுது போயிடுச்சிங்களே" என்றார் மெதுவாக.

நான் அலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனேன். "இல்லீங்க மாமா! சூரியன் மலைக்குப் பின்னாடிதான் போயிருக்குது. இன்னிக்கி அஸ்தமனம் ஆறு பதினெட்டுக்கு. இன்னும் நாப்பத்தேழு நிமிஷம் இருக்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவும் நீங்க போட்ட கணக்குதானா தம்பி?"

யாரோ சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அது கிளம்புவதற்கு அறிகுறி.  அவ்வளவு நேரமும் இது ஒரு தண்ணீர்க் கணக்கு என்றுதான் எனக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான், அக்காவுக்குப் பிடித்த ஒரே இடத்தை நான் என் கையால், அதுவும் மண்டியிட்டு, லிட்டர் லிட்டராகக் கெடுத்துவைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அழுகை வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வந்தே விட்டது.

எங்கள் வழக்கப்படி, கூப்பிட்டு உட்காரவைக்கும் வரை பெண் கூடத்துக்கு வரமாட்டாள். அக்கா வந்தாள். கூப்பிடாமலே வந்தாள். பட்டுப் புடவை, பாதி வைத்த பூ, கையில் ஆவி பறக்கும் டம்ளர்.

"மாமா, இது பொங்கலா வரல. கஞ்சியா வந்துடுச்சி. தம்பி தண்ணிய ஜாஸ்தி ஊத்திட்டான். சாடி புதுசுதான், அவன் கழுவி அளந்ததை நான் பார்த்துனுதான் இருந்தேன்."

அக்கா சுவரோரம் நின்ற அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். 

"இன்னொன்னு. எங்க வீட்ல நாங்க ராத்திரி சாப்பிடுவோம். எங்கப்பா பயந்துகினு மாத்திச் சொல்லிட்டாரு. உங்க வீட்டுக்கு வந்தா நான் பொழுதோட சாப்பிடறேன். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இன்னிக்கி எங்க வீட்ல இருந்து யாரும் பட்டினியா போவக் கூடாது. மாடில ஏறி கிழக்க பாருங்க, உங்க ஊர்ப் பக்கம் இன்னும் வெயில் அடிக்குது. உங்க ஊர்ல பொழுது போவல."

சொல்லிவிட்டு, அத்தை பார்க்கும்படி நின்று, டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தாள்.

 மாப்பிள்ளை எழுந்தார். "எனக்கு ஒரு டம்ளர்" என்றார்.

சாந்திராஜ் நயினார் மகனைப் பார்த்தார். பிறகு மாடிப்படி ஏறிப் போனார். நாங்கள் எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்தவர் அக்காவைப் பார்த்து, "நல்ல வெயிலு. ஏரிக்கரை வரைக்கும் தெரியுது" என்றார். திரும்பித் தன் அக்காவிடம், "உக்காருக்கா. குடிச்சிட்டுப் போவலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அளந்து சொல்ல முடியாது. இலையில் ஊற்றினால் மடியில் ஓடும் என்பதால் வீட்டிலிருந்த டம்ளர், கிண்ணம், சொம்பு, பக்கத்து வீட்டு டம்ளர் எல்லாம் வந்தன. அப்பாண்டை அண்ணன் நெய்யில் மிளகும் சீரகமும் சுக்கும் பொரித்துக் கொட்டினார். ஆளுக்கு ஒரு வடை, கொஞ்சம் கேசரி, டம்ளர் டம்ளராகக் கஞ்சி. வெயிலில் நடந்து வந்த வயிற்றுக்கு அது இதமாக இறங்கியிருக்க வேண்டும். அத்தை நாலு டம்ளர் குடித்தார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். நான் நேரத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

மறுமாதம் கல்யாணம் நன்றாகவே நடந்தது. எனக்கு "மில்லி" என்று பெயர் நிலைத்துவிட்டது. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் "மில்லி மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளியில் என் உண்மைப் பெயரைக் கேட்டபோது மூத்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்.

ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. போன மாதம் சாந்திராஜ் நயினார் வீட்டு உறவில் ஒரு நிச்சயதார்த்தம். அவர்கள் கிராமத்தில், ஜினாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. நானும் அக்காவும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இலை போடுவதற்கு முன்னால் பெண்ணை அழைத்துவந்தார்கள். அவள் கையில் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். எல்லோரும் பார்த்திருக்க அவள் குடித்தாள். பிறகு மாப்பிள்ளைக்கு ஒன்று, பிறகு வரிசையாக எங்களுக்கு. மிளகு போட்ட நீர்த்த பொங்கல் கஞ்சி.

நான் விழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை டவுன் ஆள் என்று புரிந்துகொண்டார். குனிந்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"நிச்சயக் கஞ்சிங்க. பொண்ணு மொதல்ல குடிக்கணும், அப்புறம் மாப்பிள்ள. காலங்காலமா எங்க பக்கத்துல இதான் முறை. எதுக்குன்னு கேட்டா இப்ப யாருக்கும் தெரியல. பெரியவங்க காரணமில்லாம வெச்சிருக்க மாட்டாங்க பாருங்க."

"ஆமாங்க" என்றேன்.

அக்கா டம்ளரை வாயில் வைத்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்போம்.